எண்களுக்கு ஓர் உரையாசிரியர்

2020-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதியன்று, கொரோனாத் தொற்றினால் கடைவீதியும் தொழிற்சாலையும் அடைபட்டுக் கிடந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அமெரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 32.9 சதவீதம் வீழ்ந்ததாக அந்நாட்டுப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் அறிவித்தது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு, ஒரு தேசத்தின் உற்பத்தியில் மூன்றிலொரு பங்கு மூன்றே மாதங்களில் மறைந்துபோனதாகத்தான் தோன்றும். உண்மையில் குறைந்தது சுமார் 9.5 சதவீதமே. அதே வேகத்தில் ஓராண்டு முழுவதும் சரிவு நீடித்தால் என்னவாகும் என்று கணக்கிட்டுச் சொல்வது அந்நாட்டுப் புள்ளிவிவரச் சம்பிரதாயமாதலால், 9.5 என்பது 32.9 என்ற பயங்கர ரூபத்தை எடுத்தது. அந்த 32.9-உம் நிலைத்து நிற்கவில்லை. அடுத்தடுத்த மதிப்பீடுகளில் 31.7 ஆகி, பின்னர் 31.4 ஆயிற்று.

இத்தகைய சூட்சுமங்களைப் பொருளாதார வல்லுநர்கள் அனுபவத்தால் அறிவார்கள். ஆனால் இப்போது அந்த எண்களைத் தேடி எடுத்து விடை சொல்லும் வேலையில் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் மென்பொருள்களும் இறங்கியிருக்கின்றன. அவற்றுக்கு வாய்த்த பெரும் களஞ்சியங்களுள் ஒன்று, செயின்ட் லூயிஸ் நகரத்து ஃபெடரல் ரிசர்வ் வங்கி 1991-இல் தொடங்கி நடத்திவரும் ‘ஃபிரெட்’ என்னும் தரவுத்தளம். வேலையின்மை, விலைவாசி, வட்டி விகிதம், வீட்டு மதிப்பு என்று எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தரவு வரிசைகளை அது எவருக்கும் இலவசமாக அளிக்கிறது.

முகவருக்கும் களஞ்சியத்துக்கும் இடையே பாலமாக ஒரு சிறு நிரல் அமைய வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது நெறிமுறை, இத்தகைய நிரல்களை எழுதுவதற்கு ஒரு சீரான வழியை வகுத்தது. அதன்படி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் விளக்கம், அதற்குத் தரவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய மூன்றும் எழுதப்படுகின்றன. எந்தச் சந்தர்ப்பத்தில் எந்தக் கருவியை எப்படி அழைப்பது என்பதை முகவர் அந்த விளக்கத்தைப் படித்தே தீர்மானிக்கிறது. ஆகவே, பெட்டியில் போட்டுக் கொடுத்து யாரும் பிரித்துப் பாராமல் கிடக்கும் கையேட்டைப் போன்றதன்று இந்த ஆவணம். கருவியின் இயக்கத்திலேயே அது ஓர் அங்கம்.

‘பேயெம்ஸ்’ என்ற குறியீட்டைத் தாங்கிய வரிசையை எடுத்துக்கொள்வோம். வேளாண்மை நீங்கலான துறைகளில் சம்பளப் பட்டியலில் உள்ளோரின் தொகை அது. 2024-ஆம் ஆண்டுக்கு அதைக் கேட்டால் 1,58,000-ஐ ஒட்டிய எண்கள் வரும். அலகு ‘ஆயிரம் பேர்’ என்பதால், பொருள் ஏறத்தாழ 15 கோடியே 80 லட்சம் பேர் என்பதே. ஆயினும் அளவீடுகளைக் கேட்டால் வரும் பதிலில் தேதியும் மதிப்பும் இருக்குமேயன்றி, ‘ஆயிரம் பேர்’ என்ற சொற்கள் இரா. அலகு என்ற பெயரிலேயே ‘லின்’ என்று ஒரு சொல் மட்டும் நிற்கும். எண்ணில் எந்த உருமாற்றமும் செய்யப்படவில்லை என்பதே அதன் அர்த்தம். உண்மையான அலகை அறிய, வரிசையின் விவரத்தைத் தனியே கேட்டாக வேண்டும். ‘அளவீட்டைக் கேட்குமுன் வரிசையின் விவரத்தைக் கேள்’ என்ற ஒரு வாக்கியத்தை ஆவணம் எழுதுபவர் விட்டுவிட்டால், அமெரிக்காவில் வேலை பார்ப்போர் ஒன்றரை லட்சம் பேர் என்று முகவர் தயக்கமின்றிச் சொல்லிவிடக் கூடும்.

இதனால்தான், இவ்வகை ஆவணத்தை நிரல் எழுதுபவரிடம் மட்டும் விட்டுவிடலாகாது, புள்ளிவிவரத்தின் குணதோஷங்களை அறிந்தவரும் உடனிருந்து எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பருவகாலத் திருத்தம் செய்த எண்ணா, செய்யாததா என்பதை அவர் ஒரு வரியில் குறித்துவிடுவார். அதைவிடக் கடினமானது திருத்தங்களின் வரலாறு. 2024 ஆகஸ்டில், அவ்வாண்டு மார்ச் மாத வேலைவாய்ப்புத் தொகை 8,18,000 குறையும் என்று தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் பூர்வாங்க மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் வட்டி பற்றி முடிவெடுத்தவர்களின் கண்முன் எந்த எண்கள் இருந்தன என்று ஒருவர் கேட்பாரானால், இன்றைய திருத்தப்பட்ட எண்களைத் தருவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். அந்தந்தத் தேதியில் வழங்கிய எண்களை ‘ஆல்ஃபிரெட்’ என்னும் துணைக் களஞ்சியம் பாதுகாத்து வைத்திருக்கிறது. தேதி குறிப்பிட்டு அவற்றைக் கேட்கவும் வழியுண்டு. கேட்காவிடில் இன்றைய எண்ணே வரும் என்பதைக் கருவியின் விளக்கம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எண்ணே இல்லாத இடமும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு அலுவலகங்கள் முடங்கியதால், குடும்பங்களைக் கேட்டறியும் அம்மாதத்துக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அக்டோபருக்கு வேலையின்மை விகிதம் என்று ஒன்று வெளியாகவே இல்லை. இவ்வாறு மதிப்பில்லாத தேதிக்கு ஃபிரெட் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் அனுப்புகிறது. அதைப் பூஜ்யமாகக் கொள்ளாதே, முன்பின் மாதங்களின் சராசரியை இட்டு நிரப்பாதே, கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதையே கேட்டவருக்குச் சொல் என்று அந்தப் புள்ளிக்கும் ஆவணத்தில் ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும்.