சுவிட்ச்சுக்குள் ஒரு பாட்டி

பெல்கின் நிறுவனம் தன் 'வீமோ' ரக ஸ்மார்ட் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு சர்வர் சேவையை நிறுத்தியது. ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டுச் செய்தார்கள் என்பது மட்டும் ஆறுதல். 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' என்ற நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்தது. 2016-ல் 'நெஸ்ட்', தான் வாங்கிப்போட்ட 'ரிவால்வ்' கம்பெனியின் கருவியை, வாடிக்கையாளர் வீட்டிலேயே வெறும் பெட்டியாக்கியது.

வீமோ நம் பக்கம் அதிகம் விற்றதில்லை. ஆனாலும் செய்தியைப் படித்த லாஸ்பேட்டை வாசகர் ஒருவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறது. "வீடு கட்டும்போதே ஹாலுக்கும் ரூம்களுக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் போட்டுவிட்டோம். அந்தக் கம்பெனி கடையை மூடினால் எங்கள் விளக்குகள் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் மென்பொருளை அழித்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம் என்கிறான் மகன். நம்பலாமா?" என்று கேட்கிறார்.

விளக்கு எரியும் ஐயா, கவலை வேண்டாம். சுவரில் உள்ள பட்டனை அழுத்தினால் உள்ளே ரிலே 'டக்' என்று அடிக்கும், விளக்கு வரும். போவது செல்போன் செயலி, நேரம் குறித்து அணைக்கும் வசதி, குரல் கட்டளை. அதாவது, சாதாரண சுவிட்ச்சைவிடக் கூடுதல் காசு கொடுத்து எதை வாங்கினீர்களோ அது மட்டும் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான். புயல் பார்த்த ஊருக்குத் தெரியும், கரன்ட் வருவது ஒரு நாள், இன்டர்நெட் வருவது இன்னொரு நாள் என்று. பத்தடி தள்ளி இருக்கும் விளக்கை அணைக்க எங்கோ இருக்கும் சர்வரிடம் அனுமதி கேட்டு நிற்கும் ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் நல்ல விற்பனையாளர்.

மகன் சொல்வதும் சரிதான். பல சுவிட்ச்சுகளில் அது முடியும். எல்லாவற்றிலும் முடியாது. எதில் முடியும், எதில் முடியாது என்பதைத் தீர்மானிக்கும் சமாச்சாரம் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே அழகான ஒன்று. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சுவிட்ச்சைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ரிலே, 230 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் சின்னச் சுற்று, விரல் நகம் அளவில் ஒரு வைஃபை சிப். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ல் விட்ட இஎஸ்பி8266, அல்லது அதன் தம்பி தங்கைகள், இத்தகைய சுவிட்ச்சுகளில் ஏராளம். அவற்றில் ஏற்றுவதற்கென்றே கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. நெதர்லாந்தின் தியோ அரெண்ட்ஸ் தொடங்கிய டாஸ்மோட்டா ஒன்று, ஓட்டோ வின்டர் தொடங்கிய இஎஸ்பிஹோம் இன்னொன்று. இரண்டும் இலவசம், இரண்டும் வீட்டு வைஃபைக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்பவை.

சரி, பழைய மென்பொருளை முழுசாக அழித்தாயிற்று. சிப்புக்குள் இப்போது எதுவுமே இல்லை. அப்படியானால் புதிய மென்பொருளை வாங்கி உள்ளே எழுதிக்கொள்வது யார்? வாங்குவதற்கும் ஒரு மென்பொருள் வேண்டுமே!

அழிக்க முடியாத ஒன்று இருக்கிறது. சிப்பைத் தொழிற்சாலையில் வார்க்கும்போதே சிலிக்கானோடு சிலிக்கானாகப் பதிந்துவிட்ட 64 கிலோபைட் நிரல். அது இருக்கும் இடம் ராம் அல்ல, ரோம், அதாவது படிக்க மட்டுமே முடிந்த நினைவகம். கம்பெனியே நினைத்தாலும் அதில் ஒரு எழுத்தை மாற்ற முடியாது.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே திண்ணை வைத்த பழைய வீடுகள் இன்னும் சில தெருக்களில் நிற்கின்றன. அப்படி ஒரு வீட்டின் பாட்டி என்று அந்த ரோமை வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட் வந்ததும் வீட்டில் முதலில் கண் விழிப்பவர் அவர்தான். எழுந்ததும் வாசல் தாழ்ப்பாளைப் பார்ப்பார். சிப்பில் அந்தத் தாழ்ப்பாளுக்கு ஜிபிஐஓ 0 என்று பெயர். அதில் 3.3 வோல்ட் இருந்தால் எல்லாம் வழக்கம்போல என்று அர்த்தம். உள்ளே போய் ஃபிளாஷ் நினைவகத்தில் தூங்கும் மென்பொருளை எழுப்பி, குடும்பத்தை அதன் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். தாழ்ப்பாளை யாரோ பிடித்து இழுத்து வைத்திருந்தால், அதாவது அங்கே வோல்டேஜ் சுழியமாக இருந்தால், உள்ளே யாரையும் எழுப்ப மாட்டார். திண்ணையிலேயே உட்கார்ந்து, தெருவில் இருந்து என்ன சேதி வருகிறது என்று காதைத் தீட்டிக்கொள்வார். 'சோனாஃப் பேசிக்' போன்ற கருவிகளில் அந்தத் தாழ்ப்பாள் வேறெதுவுமில்லை, நீங்கள் தினமும் அழுத்தும் அதே பட்டன்தான். அதை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் பாட்டி திண்ணைக்கு வந்துவிடுவார்.

தெருவில் சேதியோடு வந்து நிற்பவர், அதாவது கணினி, என்ன வேகத்தில் பேசுவார் என்பது பாட்டிக்குத் தெரியாது. சீரியல் கம்பியில் நொடிக்கு 9,600 பிட் வரலாம், 1,15,200 பிட்டும் வரலாம். வேகம் தெரியாமல் கேட்டால் எல்லாம் உளறல். இதற்கான தீர்வு இதுதான்: பாட்டி வார்த்தையைக் கேட்பதற்கு முன் தட்டலைக் கேட்கிறார். கணினியில் ஓடும் 'இஎஸ்பிடூல்' என்ற நிரல், முதல் சேதியில் நான்கு பைட் முகவுரைக்குப் பிறகு 85 என்ற எண்ணையே 32 முறை அனுப்புகிறது.

ஏன் 85? இரும எண்ணில் அது 01010101. சீரியல் முறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு 0, பின்னால் ஒரு 1 சேரும். கடைசி இலக்கம் முதலில் போகும். எழுதிப் பாருங்கள்: 0, 1, 0, 1, 0, 1, 0, 1, 0, 1. பத்து பிட், ஓர் இடத்திலும் பிசிறில்லை. அடுத்த பைட் மறுபடியும் 0-வில் தொடங்குவதால் பைட்டுக்கும் பைட்டுக்கும் நடுவில்கூடத் தையல் தெரியாது. 85-க்குப் பதில் அதன் நேரெதிரான 170-ஐ (10101010) அனுப்பினால் தொடக்கத்தில் இரண்டு 0 சேர்ந்து வரும், முடிவில் இரண்டு 1 சேர்ந்து வரும், காரியம் கெட்டது. 85-ல் மட்டும் கதவில் 'டக் டக் டக்' என்று ஒரே சீராகத் தட்டுவதுபோல விழுகிறது. இரண்டு தட்டலுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று தன் கடிகாரத்தில் எண்ணிப் பார்த்தால் போதும், வந்தவரின் வேகம் பாட்டிக்குப் பிடிபட்டுவிடும். 1,15,200 வேகத்தில் அந்த இடைவெளி ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சுமார் 8.7 பங்கு. வார்த்தை ஒன்றுகூடப் புரியாமலேயே பேச்சின் வேகத்தைக் கண்டுகொள்ள ஒரே ஓர் எண் போதும் என்று யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

பிறகு நடப்பது கொத்தனார் வேலை. பாட்டி நிதானம், ஆகவே வந்தவர் முதலில் ஒரு துடியான பேரனை ராம் நினைவகத்துக்குள் அனுப்பிவைப்பார். பேரன் ஃபிளாஷ் நினைவகத்தை 4,096 பைட் கொண்ட அறை அறையாகச் சுத்தம் செய்து, புதிய மென்பொருளை எழுதுவான். கரன்ட் போனால் பேரன் மாயமாகிவிடுவான், பாட்டி இருப்பார். பாட்டிக்குக் காபி யார் போட்டுத் தருகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன்: இஎஸ்பி8266-ன் பாட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் '2013 ஜனவரி 8' என்ற தேதியை முணுமுணுப்பார், அதுவும் நொடிக்கு 74,880 பிட் என்ற விசித்திர வேகத்தில். அவருடைய நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டது. போர்டுகளில் வைப்பதோ பெரும்பாலும் 26 மெகாஹெர்ட்ஸ். 1,15,200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74,880. திருத்த முடியாது, ரோம் அல்லவா!

வரலாறு வேண்டுமென்றால், லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது 2003-ல் வெளியே தெரிந்து, உரிம விதிப்படி மூல நிரலைக் கொடுக்க வேண்டிவந்தது. அதிலிருந்து முளைத்தது ஓபன்டபிள்யூஆர்டி. வாங்கிய பெட்டியில் சொந்த மென்பொருள் ஏற்றும் பழக்கம் பரவியது அங்கிருந்துதான். மீதியை ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படித்துக்கொள்ளலாம்.

இனி கெட்ட செய்தி. 2018 டிசம்பரில் லைப்சிக் நகரில் நடந்த 'கேயாஸ்' என்ற ஹேக்கர் மாநாட்டில் மைக்கேல் ஸ்டைகர்வால்ட் என்பவர், பல பிராண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் 'டூயா' நிறுவனத்தின் கருவிகளில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகளைக் காட்டினார். பெட்டியைத் திறக்காமல், வைஃபை வழியாகவே மென்பொருளை மாற்ற ஒரு வழி அதிலிருந்து பிறந்தது. டூயா அதை அடைத்தது. பிறகு டூயா கருவிகளில் இஎஸ்பி போய் 'பெக்கன்' என்ற வேறு சிப் வரத் தொடங்கியது. அதற்கும் ஆட்கள் மென்பொருள் எழுதிவிட்டார்கள், அது வேறு கதை. புதிய இஎஸ்பி32 வகைகளிலோ பாட்டியின் போக்கையே மாற்றும் ஏற்பாடு உண்டு. சிப்புக்குள் 'இ-ஃப்யூஸ்' என்று சில பிட்டுகள் இருக்கின்றன; ஒரு முறை எரித்தால் எரித்ததுதான். அவற்றை எரித்துவிட்டால், கம்பெனியின் கையொப்பம் இல்லாத எதையும் பாட்டி உள்ளே விடமாட்டார், ஆதார் அட்டையை நீட்டினாலும் சரி. பாதுகாப்புக்காக என்பார்கள். முழுப் பொய்யில்லை. திருடன் வர முடியாத அந்தக் கதவு வழியாக வீட்டுக்காரரும் வர முடியாது என்பதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

கட்டற்ற மென்பொருள் பக்கமும் ஆரவாரம் குறைவில்லை. டாஸ்மோட்டா போட்டால் மட்டமான ரிலே நல்ல ரிலே ஆகிவிடாது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். '10 ஆம்பியர்' என்று அச்சடித்த மலிவு ரிலேவை நம்பி அதைக் கொடுப்பது, அதுவும் கடற்காற்றில் உப்பு படியும் ஊரில், நல்ல யோசனை இல்லை. மென்பொருளை மாற்றிய மறுநிமிடம் வாரன்டியும் போய்விடும். அடுத்தடுத்த அப்டேட் உங்கள் பொறுப்பு. நம் ஊருக்கு ஒரு சௌகரியம் உண்டு. சுவிட்ச்போர்டிலேயே பிளக் பாயின்ட்டும் இருப்பதால் நியூட்ரல் கம்பி பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடைத்துவிடும். அமெரிக்காவின் பழைய வீடுகளில் அது இல்லாமல் திண்டாடுகிறார்கள்.

ஆகவே லாஸ்பேட்டை ஐயாவுக்கு என் பதில்: வேலை செய்துகொண்டிருக்கும் சுவிட்ச்சை இப்போது நோண்ட வேண்டாம். கம்பெனி கடையை மூடினால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இனி வாங்குவதாக இருந்தால் கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன சிப்? இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டால் செல்போனில் வேலை செய்யுமா? இரண்டுக்கும் பதில் தெரியாதவரிடம் சாதா சுவிட்ச் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மகனுக்குக் கை துறுதுறுத்தால், புதுச்சேரியிலேயே 'ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்ட்' என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் 'விஜிஎல்யுஜி' என்ற குழு இருக்கிறது. அறிந்தவர்களோடு உட்கார்ந்து செய்யட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. இந்தச் சுவிட்ச்சுகளில் 3.3 வோல்ட் சுற்றுக்கும் 230 வோல்ட் லைனுக்கும் நடுவே பெரும்பாலும் தடுப்பே கிடையாது. பழைய வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், சிப்பின் 'கிரவுண்ட்' முனையிலேயே 230 வோல்ட் நிற்கும். அதில் யுஎஸ்பி கம்பியை மாட்டினால் லேப்டாப்பும் அதைத் தொட்டவரும் லைனில் இருப்பார்கள். சுவிட்ச்சைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றி, மேசைமேல் வைத்து, கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரின் 3.3 வோல்ட்டை மட்டும் கொடுத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். கழற்றும் முன் மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்து ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.