பிரிந்த காடுகளை இணைப்போம்



சென்ற ஆண்டில் ஒருநாள் காலை நம் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபொழுது பாதிக்குமேற்பட்ட மாணவர்கள் வரவில்லை என்று கண்டோம். காரணம் விரைவில் தெரிந்தது. முன்னிரவில் காட்டு யானைகள் தோட்டத்திற்குள் புகுந்து, மறுநடவு செய்த இளஞ்செம்பனைகளைப் பிடுங்கித் தின்று, குடியிருப்பின் பின்புறத்து வாழைகளையும் சாய்த்துவிட்டுச் சென்றிருந்தன. பெற்றோர் அஞ்சிப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, யானைக்குத்தான் காடு இருக்கிறதே! அது ஏன் நம் வீட்டுக்கு வருகிறது?" என்று வினவினாள். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்டின் முதுகெலும்பு

மனித உடலைத் தாங்கி நிற்பது முதுகெலும்பு. அதுபோலத் தீபகற்ப மலேசியாவின் நடுவே, வடக்கிலிருந்து தெற்காக, மலையும் காடும் நீண்டு கிடக்கின்றன. தித்திவங்சா மலைத்தொடர், தாமான் நெகாரா, பகாங்கின் பேரா, சினி ஏரிப்பகுதிகள், ஜொகூர் எல்லையிலுள்ள எண்டாவ் ரொம்பின் ஆகியன அதன் உறுப்புகள். ஆங்கிலத்தில் 'சென்ட்ரல் ஃபாரஸ்ட் ஸ்பைன்' என்று வழங்கப்பெறும் இக்காட்டு முதுகெலும்பு ஐம்பது இலட்சம் ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. பேராறு, பகாங் ஆறு, கிளந்தான் ஆறு ஆகியவற்றுக்கு நீரூட்டுவது இக்காடே. நம் வீட்டுக் குழாயில் வரும் நீரும் ஏதோ ஒரு மலைக்காட்டில் விழுந்த மழைதான்.

ஒரு காலத்தில் இக்காடு துண்டுபடாமல் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஈயச் சுரங்கங்களும் பால்மரத் தோட்டங்களும் எழுந்தன. அக்காடுகளை வெட்டித் திருத்தியவர்களுள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அடங்குவர். நாடு விடுதலை பெற்ற பின் நிலக்குடியேற்றத் திட்டங்கள் வந்தன. அணைகளும் நெடுஞ்சாலைகளும் வந்தன. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பெற்றது. இவை யாவும் மக்கள் வாழ்வுக்கு வேண்டியனவே. ஆயினும், முதுகெலும்பு ஆங்காங்கே முறிந்தது.

முறிந்ததால் வந்த கேடு என்ன? வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் உண்ணும். ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்திற்குப் பெயர்ந்து, முன்னிடம் தழைத்தபின் மீண்டும் வருவது அதன் இயல்பு. வழியில் தோட்டம் குறுக்கிட்டால் அது தோட்டத்தின் வழியாகவே நடக்கும். அதற்கு எல்லைக்கல் தெரியாது. புலியின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. 1950-களில் மலாயாக் காடுகளில் 3000 புலிகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுவர். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்போ 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகக் காட்டிற்று. கண்ணி வைப்போரும் நோயும் இதற்குக் காரணம் என்றாலும், துண்டுபட்ட காட்டில் சிக்கிய சில புலிகள் வேறு புலிகளைச் சேர இயலாமல் நாளடைவில் வலுவிழந்து அற்றுப்போகும் என்பதும் உண்மை.

ஊர் கூடி இழுக்கும் தேர்

இக்கேட்டைத் தீர்க்க 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலவமைப்புத் திட்டத்தில் இம்முதுகெலும்பைக் காக்கும் எண்ணம் இடம்பெற்றது. பின்னர் 2010-இல் வரையப்பெற்ற பெருந்திட்டம் நான்கு பெருங்காட்டுத் தொகுதிகளைக் குறித்து, அவற்றை இணைக்க 37 இணைப்பு வழிகளையும் வகுத்தது. கெடா, பேராக், கிளந்தான், திரங்கானு, பகாங், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய எட்டு மாநிலங்கள் இதில் பங்குடையன.

'அரசாங்கம் ஓர் ஆணையிட்டால் முடிந்ததே. எதற்கு இத்தனை பேர்?' என்று சிலர் கேட்கலாம். நம் அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநிலங்களின் பொறுப்பாகும். கோலாலம்பூரில் திட்டம் வரையலாம். ஆனால், நிலத்தை ஒதுக்க வேண்டியது மாநில அரசாங்கம். ஒரு மாநிலம் காட்டைக் காத்து, அடுத்த மாநிலம் அதே காட்டின் மறுபாதியை வெட்டினால் பயன் என்ன?

எண்டாவ் ரொம்பின் காடு இதற்கு நல்ல சான்று. அக்காடு பாதி பகாங்கிலும் பாதி ஜொகூரிலும் உள்ளது. தேசியப் பூங்காவாக்கும் கருத்து இருந்தபொழுதே, 1977-இல் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பெற்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டில் வேலை நின்றது. மலாயா இயற்கைக் கழகத்தார் 1985, 1986-ஆம் ஆண்டுகளில் அங்கு ஆய்வுப் பயணம் மேற்கொண்டு அக்காட்டின் அருமையை மக்களுக்கு எடுத்துக்காட்டினர். ஜொகூர்ப் பகுதி 1993-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. காடு ஒன்றாயினும் அதைக் காக்க இரு மாநிலங்களும் பொதுமக்களும் சேர வேண்டியிருந்தது.

மற்றுமொரு தடை பணம். காட்டை வெட்டினால் மாநிலத்திற்கு வருவாய் உண்டு; வெட்டாமல் காத்தாலோ செலவுதான் உண்டு. இதனை உணர்ந்தே, 2019-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், காப்புக்காடுகளை விரிவாக்கும் மாநிலங்களுக்கென மத்திய அரசாங்கம் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. காப்பவருக்கும் கைம்மாறு உண்டு என்னும் இக்கொள்கை மிக நல்லது.

செயலும் நடந்துள்ளது. பகாங்கில் கோல லிப்பிசுக்கும் கிளந்தானின் குவா மூசாங்கிற்கும் இடையேயுள்ள சாலையில், சுங்கை யூ என்னுமிடத்தில், சாலையை உயரத் தூக்கிப் பாலமாகக் கட்டியுள்ளனர். வண்டிகள் மேலே ஓட, விலங்குகள் கீழே கடக்கலாம். தித்திவங்சாக் காட்டுக்கும் தாமான் நெகாராவுக்கும் இடையிலான வழி அதுவே.

தோட்டத்திற்கு என்ன ஆதாயம்?

'காடு பிழைப்பது சரி. நாம் பிழைக்க வேண்டாமா?' என்று ஒரு பெற்றோர் நம்மிடம் நேரே கேட்டார். நியாயமான கேள்வி. இயற்கையின் துணையின்றித் தோட்டமும் இல்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைக் கையால் தூவும் வேலையை நம் பெண்கள் முன்பு செய்தனர். மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கும். 1981-இல் செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொணர்ந்து ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விட்டனர். எள்ளளவேயான அவ்வண்டு, அத்தனை கைகளின் வேலையையும் ஏற்றுக்கொண்டது. எலிகளை ஆந்தை தின்கிறது. டுரியான் பூவை இரவில் வௌவால் நாடிவந்து காய்க்கச் செய்கிறது. ஓடைக்கரை மரங்கள் மண்ணைப் பிடித்து வெள்ளத்தைத் தணிக்கின்றன.

ஆயினும், மறைக்கக் கூடாத உண்மை ஒன்றுண்டு. காட்டைக் காப்பதன் நன்மை நாட்டுக்கு முழுமையும் சேர்கிறது. யானை வந்து நிற்பதோ நம் வாசலில். விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தொழிலாளியின் அச்சத்தையும், வாழைத்தோட்டத்தை இழந்த குடும்பத்தின் நட்டத்தையும் கணக்கில் கொள்ளாத எத்திட்டமும் நிலைக்காது. எனவே, இக்கூட்டு முயற்சியில் அரசாங்கங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இருப்பதுபோல் தோட்ட மக்களுக்கும் ஓரிடம் வேண்டும்.

அச்சிறு முயற்சி நம் பள்ளி மண்டபத்திலேயே தொடங்கியது. யானைகள் வந்த அடுத்த மாதம் தோட்ட நிர்வாகத்தினரும், வனவிலங்கு அதிகாரிகளும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். குடியிருப்பையும் இளங்கன்றுகளையும் சுற்றி மின்வேலி அமைப்பது, காட்டையொட்டிய ஓடைக்கரையை விலங்குகளின் வழியாகத் திறந்து விடுவது, அக்கரையில் வாழை நடாதிருப்பது, யானைத்தடம் கண்டால் அன்று விடிந்தபின்னரே வேலைக்கு இறங்குவது எனத் தீர்மானித்தனர். இழந்த வாழைக்கு ஈடு தருவது யார் என்னும் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை கேட்பது நம் கடமை. நம் மாணவர்கள் ஓடைக்கரையில் காட்டுமரக் கன்றுகளை நட்டு நீர் வார்த்து வருகின்றனர்.

மாணவச் செல்வங்களே! அந்த மாணவியின் வினாவுக்கு இப்பொழுது விடை தெரிந்திருக்கும். யானை நம் வீட்டைத் தேடி வரவில்லை. பிரிந்துபோன தன் வீட்டின் மறுபாதியைத் தேடிச் செல்கிறது. நடுவில் நாம் இருக்கிறோம். அதற்கு வழிவிட்டு நாமும் அச்சமின்றி வாழ்வது தனியொருவரால் ஆகாது. தனிமரம் தோப்பாகாது என்பர் நம் முன்னோர். மாநிலத்தோடு மாநிலமும், தோட்டத்தோடு காடும், பெரியோரோடு சிறியோரும் கைகோத்தால் முறிந்த முதுகெலும்பு மீண்டும் கூடும். அந்நன்னாளை நீங்கள் காண்பீர்களாக!