பம்புசெட்டும் கரிப்புகையும்

எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகை தமக்குச் சம்பந்தமற்றதென மீஞ்சூர், பொன்னேரிப் பகுதி விவசாயிகள் சிலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒடிசாவினின்று கப்பலேறிக் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரிக்கு நமது பம்புசெட்டை ஓட்டும் மின்சாரத்திலும் பங்குண்டு.

கணக்கு வருமாறு: நிலக்கரியால் உண்டாகும் 1 யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு வெளிப்படும். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் 4 யூனிட் கொள்ளும். 5 மணி நேரம் ஓடின், நிலக்கரி மின்சாரமாயின், 20 கிலோவாகும். விவசாய மின்சாரத்திற்குக் கட்டணமின்மையால் இச்செலவு நம் கண்ணிற் படுவதில்லை. அன்றியும், நீர் தேங்கிய நெல்வயலில் மீத்தேன் வாயு உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் விளைப்பது.

இதனைக் குறைக்கும் வழிகளாவன:

1. நடவாகி 2 வாரம் சென்றபின், அடிப்பாதியில் துளையிட்ட 30 செ.மீ. குழாயைப் பாதியளவு வயலிற் புதைத்து, உள்மண்ணை நீக்குக. குழாயினுள் நீர் மண்மட்டத்திற்கு 15 செ.மீ. கீழிறங்கிய பின்னரே 5 செ.மீ. உயரம் நீர் கட்டுக. பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறைதலாகாது. இம்முறையால் மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகும், இறைப்பும் குறையும்.

2. உவர் நிலங்களில் இதனைக் கையாளற்க. நிலம் காயின் உப்பு மேலேறும்.

3. இலை வண்ண அட்டையைப் பார்த்தே யூரியா இடுக. மிகுதியான தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகி வெப்பத்தைப் பெருக்கும்.

வரப்பில் மரம் வைத்து ஈடுசெய்தலும் நன்றே. ஆயினும் மரம் வளர ஆண்டுகள் பல வேண்டும். ஆதலின் முதலிற் குறைத்தலே முறை. அளவிறந்து இறைத்தமையால் மீஞ்சூர் நிலத்தடியிற் கடல்நீர் புகுந்தமையை யாவரும் அறிவர். மோட்டாரைச் சிறிது நிறுத்துதல் காற்றுக்கு மட்டுமன்றி, நம் கிணற்றுக்கும் காவலாகும். கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு எடுத்துரைத்து, அடுத்த போகத்தில் ஓர் ஏக்கரிலேனும் செய்வித்துக் காட்டுவார்களாக.