மழை விட்டதும் பாருங்கள்

லண்டன் டவர் பிரிட்ஜின் தென்முனையில் இறங்கிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் ஷாட் தேம்ஸ் என்றொரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்க்க வைக்கும் செங்கல் சுவர்கள். தலைக்கு மேலே, இந்தக் கட்டடத்துக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் குறுக்கே இரும்புப் பாலங்கள். ஆற்றோரக் கிடங்கில் இறங்கிய சரக்கை உள்பக்கக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போக அமைத்தவை. இன்று அவற்றில் சில, வீட்டுக்காரர்கள் காற்று வாங்கும் பால்கனிகள்.

'செங்கல்' என்று எழுதிவிட்டேன், ஆனால் அந்தக் கல் மஞ்சள்! லண்டன் களிமண்ணோடு சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து சுட்டதால் வந்த நிறம். அதன்மேல் நூறு வருட நிலக்கரிப் புகை படிந்து பழுப்பும் கறுப்புமாக ஆகிவிட்டது.

இங்கே பெரியது 1873ல் கட்டி முடிந்த பட்லர்ஸ் வார்ஃப். தேயிலை, காப்பி, சர்க்கரை, மிளகு, லவங்கப்பட்டை, கிராம்பு என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கிய இடம். இலங்கை மலைகளில் நம்மவர்கள் கிள்ளிய கொழுந்து தேம்ஸ் கரைக் கிடங்குகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சொல்லும் நம்முடையதுதான் என்கிறார்கள்: தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' இவை மலாய் வழியாகச் சுற்றி ஆங்கிலத்துக்குப் போய், 'குடோன்' என்ற வேஷத்தில் நம்மிடமே திரும்பி வந்திருக்கின்றன.

அந்தக் கரையில் சுவர் எழுப்பியவர்களுக்குத் தீயைப் பற்றிய பயம் நிறைய இருந்திருக்கும். 1861 ஜூன் 22ஆம் தேதி, பக்கத்து டூலி தெருக் கிடங்குகளில் தீப்பிடித்தது. சணல், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து எரிந்து, முழுக்க அணைய இரண்டு வாரம் ஆயிற்று. லண்டனின் தனியார் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், சரிந்த சுவருக்கு அடியில் சிக்கி மாண்டார். நெருப்பு பரவாமல் தடுக்க வேண்டிய இரும்புக் கதவுகளை யாரோ திறந்து போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1866ல் நகரத்துக்கென்று அரசுத் தீயணைப்புப் படை வந்தது.

சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்ததும் இந்தத் துறையின் கதை முடிந்தது. 1972ல் பட்லர்ஸ் வார்ஃபை மூடினார்கள். வாடகை மலிவு என்று ஓவியர்களும் சினிமாக்காரர்களும் சில காலம் குடியிருந்தார்கள். பிறகு 1980களில் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரன் கை வைத்தார். கிடங்குகள் விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகளாயின. ஒரு கட்டடத்துக்குப் பெயர் 'சின்னமன் வார்ஃப்', இன்னொன்றுக்கு 'கார்டமம் பில்டிங்'. அதாவது பட்டைத்துறை, ஏலக்காய்க் கட்டடம்! சரக்கு போனபின் அதன் பெயரை மட்டும் வைத்து வீடு விற்கும் சாமர்த்தியம். அதைவிட உண்மையான மிச்சம், மூடி வருஷங்கள் ஆனபின்னும் சுவரில் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் மசாலா வாசனைதான்.

வாசனை போலவே எழுத்தும் தங்கும். பட்லர்ஸ் வார்ஃபுக்கு அடுத்தாற்போல் நிற்பது பழைய பீர் ஆலை. ஜான் கரேஜ் என்பவர் 1787ல் வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் அங்கே பீர் காய்ச்சுவது நின்றுபோயிற்று. ஆனால் மேற்கே, ரெட்கிராஸ் வே தெருவில், ஒரு பழைய செங்கல் சுவரில் அந்த நிறுவனத்தின் விளம்பரம் இன்னும் இருக்கிறது: 'டேக் கரேஜ்'. கரேஜ் பீர் குடியுங்கள் என்று எழுதினார்கள். இப்போது நின்று படிப்பவருக்கு அது 'தைரியமாக இரு' என்றுதான் காதில் விழுகிறது. விளம்பரம் எழுதியவர் இரண்டையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார். அவரவருக்கு வேண்டியது அவரவருக்கு.

அக்காலத்துச் சுவர் எழுத்தாளர்கள் ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தீட்டினார்கள். செங்கல் எண்ணெயைக் குடிக்கும். சாயம் மேலே ஒட்டாமல் உள்ளே ஊறும். அதனால்தான் கடை போய், கடைக்காரர் போய், எழுத்து மட்டும் நிற்கிறது. இத்தகைய சுவர்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை: கல்லில் எழுத்து இருக்கும், கல்லுக்கு நடுவில் புதிதாகப் பூசிய சாந்தில் இருக்காது. ஒரு 'ஓ' நாலைந்து துண்டாக நிற்கும். சில சுவர்களில் ஒரு விளம்பரத்தின் மேல் இன்னொன்று எழுதி, இரண்டும் கலந்து தெரியும்.

இவற்றைப் புதுப்பிக்கலாமா என்று அங்கே ஒரு வாதம் உண்டு. யார்க் நகரில் 'பைல் பீன்ஸ்' என்ற பேதி மாத்திரையின் விளம்பரச் சுவரை 2012ல் மறுபடி வண்ணம் தீட்டினார்கள். தினமும் ராத்திரி போட்டுக்கொண்டால் உடல் ஒல்லியாகும், கண் பளிச்சென்று இருக்கும் என்ற உறுதிமொழி இப்போது புத்தம் புதிதாக மின்னுகிறது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய எழுத்தரின் கை அடியில் புதைந்துவிட்டதே! மேலே இருப்பது நம் காலத்துக் கை. சுவரைச் சாயாமல் காக்கட்டும், ஒழுகலை அடைக்கட்டும். எழுத்தின்மேல் தூரிகை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

லண்டன் போகிறவர்கள் ரெட்கிராஸ் வேயை வெயில் நாளில் தேடாதீர்கள். ஈரம் பட்டால்தான் மங்கிய சுவர் எழுத்துகள் தெளிந்து வரும். மழை விட்டு அரை மணிக்குள் போய்விடுங்கள். காய்ந்துவிட்டால் பாதி எழுத்து மறுபடி செங்கலுக்குள் போய்விடும்.