பழைய கணிப்பொறியைத் தேர்ந்து கொள்ளுதல்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களுள் ஒன்று ராயகிரி. அங்கு உழவுமாடு வாங்குவோர், பல்லைப் பார்த்து வயதை அறிந்து, நடையையும் கண்ட பின்னரே விலை பேசுவர். பழைய கணிப்பொறி வாங்குவோரும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும்.

திரையும் பிற உறுப்புகளும் ஒரே கூட்டினுள் அடங்கிய கணிப்பொறி, சிறிய இடத்தில் அமைவது. 1998-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐமேக் இவ்வகையைச் சார்ந்தது. எனினும், திரை பழுதுற்றால் வேறொன்றை எளிதில் மாற்றல் இயலாது.

ஆதலின், மாற்றுதற்கு அரியனவாகிய திரையையும் செயலியையும் முதற்கண் நோக்குக. செயலியின் பெயரும் எண்ணும் மாட்டின் பல்லைப் போன்று வயதை உணர்த்தும். அடுத்து, நினைவகத்தையும் வன்தட்டையும் காண்க. இவற்றைப் பல பொறிகளில் மாற்றலாம். சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பழைய பொறியும் விரைவு பெறும்.

விண்டோஸ் 11 இயங்க, நினைவகம் 4 ஜிகாபைட்டும் சேமிப்பிடம் 64 ஜிகாபைட்டும் வேண்டும். இவை இருப்பினும், மிகப் பழைய செயலியை அது ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. இத்தகைய பொறிக்கு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் துணைபுரியும்.

கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் இத்தகைய பொறி போதும். சிறுகச் சேர்த்த பணத்தில் பிள்ளைக்குக் கணிப்பொறி வாங்கும் பெற்றோர், மலிவு என்னும் ஒன்றையே கருதின் அப்பணத்தை இழப்பர். மாற்ற இயலாத உறுப்பை ஆராய்ந்து கொள்வரேல் பயன் பெறுவர்.