ரத்த அழுத்தம்: ஒரே ஒரு எண் போதாது

மருத்துவமனையில் ஒருமுறை பார்க்கும் ரத்த அழுத்தத்தைவிட, வீட்டில் முறையாகப் பல நாள் பார்க்கும் அளவே உண்மைக்கு நெருக்கமானது. டாக்டரைக் கண்ட பதற்றத்திலேயே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும். அதனால்தான் அங்கே 140-க்கு 90 என்றிருக்கும் எல்லை, வீட்டில் 135-க்கு 85 என்று வைக்கப்பட்டிருக்கிறது. 'மெஷின் ஒவ்வொரு முறையும் ஒரு எண் காட்டுகிறதே, எப்படி நம்புவது?' என்று கேட்கலாம். அழுத்தம் ஓரளவு மாறிக்கொண்டே இருப்பது இயல்பு. அதிகப் பிழை நாம் அளக்கும் விதத்தில்தான் வருகிறது. காபி, புகை, உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைத் துணிமேல் சுற்றாமல், வெறும் மேற்கையில் பட்டையைச் சுற்றி, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். கை தொங்கினாலும் பட்டை சிறிதானாலும் அளவு கூடுதலாகக் காட்டும். காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, 7 நாள் பார்த்துக் குறித்து வையுங்கள்.

'வீட்டிலேயே பார்த்தால் மருந்தையும் தாமே மாற்றிவிடுவார்களே' என்ற அச்சமும் நியாயமானதே. ஆகவே அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு. அழுத்தம் 180-க்கு 120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால், மறுபடி அளந்துகொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.