லைசென்ஸ் சிப்பை யார் படித்தார்கள்?

லைசென்ஸ் புதுப்பிக்கும் கெடு நெருங்கியவர்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமிருந்து எழுதும் கடிதங்களில் ஒரே கவலைதான்: “வெளிமாநில டிரைவர் கார்டில் சிப் இருக்கிறது, என் கார்டில் இல்லை. செக்போஸ்ட்டில் மடக்குவார்களா?” அந்தக் காரணத்துக்காக மடக்க முடியாது. 2019 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்து, அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த பொதுப் படிவத்தில் சிப் கட்டாயமில்லை. க்யூஆர் குறியீடு இருந்தால் போதும்.

அப்படியானால் அந்தச் சிப் எதற்கு வந்தது?

1990களின் கடைசியில் குஜராத் ஸ்மார்ட் கார்டு லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியபோது, சிப்புக்குள் ஓடும் இயங்குதளம் கார்டு விற்ற கம்பெனியின் சொத்தாக இருந்தது. இப்படி ஆளுக்கொரு கம்பெனியிடம் மாநிலங்கள் வாங்கினால், நேஷனல் பர்மிட் லாரி எல்லை தாண்டியதும் கார்டைப் படிக்க ஆளிருக்காது. இதற்கு மாற்றாகக் கான்பூர் ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கியதுதான் ‘ஸ்கோஸ்டா’. ஸ்மார்ட் கார்டுக்கான ஐஎஸ்ஓ 7816 தரத்தை ஒட்டி, சிப் இயங்குதளத்துக்கு எழுதிய பொது வரையறை அது. 2002இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு ஸ்மார்ட் கார்டுக்கு இடம் வந்தது.

இதைத் ‘திறந்த’ இயங்குதளம் என்றே அரசுத் தரப்பு சொல்லும். பாதிதான் உண்மை. திறந்திருந்தது வரையறை. அதைப் படித்து ஒவ்வொரு நிறுவனமும் எழுதிய நிரல் மூடியே கிடந்தது. சேஸிஸ் அளவு எல்லோருக்கும் தெரியும், பாடி கட்டும் நுணுக்கம் அந்தந்தப் பட்டறைக்குள்ளேயே இருக்கும் என்பது நாமக்கல்காரர்களுக்குப் புதிதல்ல. இருந்தும், ஒரே கம்பெனியிடம் அரசு சிக்கிக்கொள்ளாமல் தடுத்தது இந்தப் பாதித் திறப்புதான்.

என்னை வியக்க வைப்பது இதன் பூட்டு. கருவி இருந்தால், கார்டில் உள்ள பெயரையும் வண்டி வகையையும் படிப்பது எளிது. ஆனால் ஓர் அபராதத்தை எழுத வேண்டுமென்றால், கார்டு முதலில் ஏதோ ஓர் எண்ணை உருட்டிப் போடும். அதிகாரியின் கருவி அதைத் தன் சாவியால் மறையாக்கித் திருப்பித் தர வேண்டும். விடை பொருந்தினால்தான் எழுத விடும். சாவி ஒருமுறைகூட வெளியே பயணப்படுவதில்லை. நடுவில் ஒட்டுக்கேட்டவனுக்குக் கிடைப்பது அடுத்த முறை உதவாத ஒரு விடை. இத்தகைய ஏற்பாட்டில் ஒவ்வொரு கார்டின் சாவியும் தாய்ச் சாவியோடு அந்தக் கார்டின் வரிசை எண்ணைக் கலந்து பிறக்கிறது. ஒரு கார்டை உடைத்தவனுக்கு அந்த ஒரு கார்டுதான் மிச்சம்.

உறுத்துவதும் அந்தத் தாய்ச் சாவிதான். தாய்ச் சாவி கசிந்தால் அதிலிருந்து பிறந்த அத்தனை கார்டும் போச்சு. அதை யார் பாதுகாக்கிறார்கள், யார் தணிக்கை செய்கிறார்கள் என்பதற்கு வரையறை எவ்வளவு திறந்திருந்தும் பதில் சொல்லாது. இவ்வளவு கெட்டியான பூட்டைப் போட்டவர்கள், அதைத் திறக்கும் கருவியை ரோட்டில் நிற்கும் போலீசுக்குத் தர மறந்தார்கள். சிப்பைப் படிப்பதில் சிக்கல் இருந்ததையும், போக்குவரத்துப் போலீசிடம் போதிய கருவிகள் இல்லாததையும் 2021இல் தில்லி போக்குவரத்துத் துறையே ஒப்புக்கொண்டு க்யூஆர் கார்டுக்கு மாறியது. குற்றம் இயங்குதளத்தின் மேல் இல்லை.

மற்றக் கேள்விகள்:

சிப் உள்ள பழைய கார்டு செல்லுமா? அதில் அச்சிட்ட தேதி வரை செல்லும்.

செல்போனில் காட்டலாமா? டிஜிலாக்கர், எம்பரிவாகன் இரண்டும் 2018 முதல் ஏற்கத்தக்கவை. எடுத்து வைத்த போட்டோ செல்லாது.

லாரி லைசென்ஸ் எத்தனை ஆண்டு? ஐந்து. கேஸ் டேங்கர் போல அபாயச் சரக்கு ஏற்றினால் மூன்று.

எப்போது புதுப்பிக்கலாம்? காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்து ஓராண்டு பின்பு வரை. அதையும் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

காலாவதிக்குப் பின் வரும் அந்த ஓராண்டில் வண்டி ஓட்டலாமா? கூடாது. முன்பிருந்த 30 நாள் சலுகையும் 2019 திருத்தத்தோடு போய்விட்டது.